முதல் மீன் தொட்டியில் எந்த மீனோடு எந்த மீன் சேரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலம்புழை அணையைப் பார்க்கப் போகும் குடும்பங்கள், அங்கே மீன் வடிவத்தில் கட்டப்பட்டிருக்கும் காட்சிசாலையையும் சுற்றிவிட்டு வாளையார் வழியாக ஊர் திரும்பும்போது, வண்டியின் பின் இருக்கையிலிருந்து பிள்ளைகள் "நம் வீட்டிலும் ஒரு தொட்டி வைக்கலாம்" என்று தொடங்கிவிடுவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொட்டி வந்துவிடும். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பாதி மீன் செத்துவிடும். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் குடியிருந்து பல ஆண்டுகளாக மீன் வளர்த்துவரும் எனக்கு, கேரள, தமிழ்நாட்டு எல்லையின் இரு பக்கத்து உறவினர்களிடமிருந்தும் அக்கம்பக்கத்தாரிடமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே பதில்களுடன் தொகுத்திருக்கிறேன்.

முதலில் மீனைத் தேர்ந்தெடுப்பதா, தொட்டியைத் தேர்ந்தெடுப்பதா?

இரண்டுக்கும் முன்னால் உங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எப்படிப்பட்டது என்று பாருங்கள். இந்த மீனுக்கு அந்த மீன் பகையா என்று கேட்பவர்கள், இந்த மீனுக்கு இந்தத் தண்ணீர் பகையா என்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. முதல் தொட்டி வைத்த புதிதில் கோவையில் ஒரு கடையில் பன்னிரண்டு நியான் டெட்ராக்களை வாங்கி வந்தேன். கடைத் தொட்டியில் நீலமும் சிவப்புமாக மின்னிக்கொண்டிருந்தவை எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரில் விட்ட மறுநாளே நிறம் வெளுத்து மூலையில் ஒதுங்கின. ஐந்தாம் நாள் காலையில் இரண்டுதான் மிஞ்சின. அந்தக் கடையில் ஊற்றியிருந்தது சிறுவாணித் தண்ணீர் என்பது பிறகுதான் தெரிந்தது. சிறுவாணி அணை இருப்பது எங்கள் பாலக்காடு மாவட்டத்தில், அந்த மென்மையான நீரைக் குடிப்பது கோவை, உப்பேறிய ஆழ்குழாய் நீரோடு மல்லுக்கட்டுவது நாங்கள் என்பது இந்த எல்லைப்புறத்தின் பழைய வேடிக்கை.

எங்கள் வீட்டுத் தண்ணீர் எந்த வகை என்று எப்படி அறிவது?

ஆர்ஓ இயந்திரம் பழுதுபார்க்க வருபவரிடம் இருக்கும், தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை ஒரு முறை உங்கள் குழாய்த் தண்ணீரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும், மீன் கடைகளில் விற்கும் பிஎச் சோதனைச் சொட்டு மருந்தையும் வாங்கிக்கொண்டால் போதும். கருவியே இல்லாவிட்டாலும் வீட்டிலேயே அடையாளங்கள் உண்டு. வாளியின் உட்புறம் வெள்ளைப் படிவு ஏறுகிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா, பருப்பு வேகத் தாமதமாகிறதா? அது கடினத் தண்ணீர், பெரும்பாலும் பிஎச் 7.5-க்கு மேல் இருக்கும். சித்தூர், வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்து ஆழ்குழாய்கள் பலவும் இப்படித்தான். மேற்கே ஒற்றப்பாலம், பட்டாம்பி பக்கம் போனால் செம்பாறையை வெட்டித் தோண்டிய திறந்த கிணறுகள். அவற்றின் நீர் மென்மையாகவும் சற்றே அமிலத்தன்மையோடும், பல இடங்களில் பிஎச் 6-ஐ ஒட்டியும் இருக்கும். ஒரே மீட்டரை வைத்து எங்கள் வீட்டில் ஆயிரத்துக்கு மேலும், ஒற்றப்பாலத்தில் தங்கை வீட்டுக் கிணற்றில் எழுபதும் பார்த்திருக்கிறேன். ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் இவ்வளவு வேறுபாடு.

கடினத் தண்ணீருக்கு எந்த மீன்கள் ஏற்றவை?

குட்டி போடும் மீன்கள். கப்பி, பிளாட்டி, மோலி, வாள்வால் ஆகிய நான்கும் சுண்ணச்சத்துள்ள காரத் தண்ணீரை விரும்புபவை. ஒன்றுக்கொன்று பெரிதாகச் சண்டையிடுவதுமில்லை. இவற்றில் பிளாட்டியைத்தான் நான் முதலில் கைகாட்டுவேன். இரண்டு அங்குலத்தை ஒட்டித்தான் வளரும், எந்தத் தீனியையும் உண்ணும், புதியவர் செய்யும் சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். மோலி நான்கு அங்குலம் வரை வளர்வதால் இரண்டடித் தொட்டியில் அதற்கு இடம் போதாது. வாள்வாலில் ஆண் இரண்டு இருந்தால் ஒன்று மற்றொன்றை விரட்டிக்கொண்டே இருக்கும் என்பதால் ஓர் ஆண் போதும். எந்த வகையானாலும் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் என்ற கணக்கில் விட வேண்டும்; இல்லாவிட்டால் ஆண்களின் தொல்லை தாங்காமல் பெண் மீன்கள் ஓய்ந்துபோகும். இவற்றோடு மேல்மட்டத்தில் ஓடித் திரிய ஆறு வரிக்குதிரை மீன்களை, அதாவது கடைகளில் சீப்ரா டேனியோ என்று சொல்லப்படுபவற்றைச் சேர்க்கலாம். இந்தியாவின் ஓடைகளிலேயே வாழும் இனம் அது. மென்மை, கடினம் இரண்டையும் தாங்கும்.

கிணற்றுத் தண்ணீர் மென்மையாக இருந்தால்?

அதிர்ஷ்டசாலி நீங்கள். ஹார்லிகின் ரஸ்போரா எட்டு, ஒரு ஜோடித் தேன் கௌராமி, அடித்தளத்தில் கோரிடோராஸ் என்னும் சிறு கெளுத்தி ஆறு என்று வைத்தால் மேல், நடு, கீழ் மூன்று மட்டங்களும் நிறைந்து, யாரும் யாருடைய இடத்திலும் குறுக்கிடாமல் வாழும். கோரிடோராஸ் மீசையால் தரையைத் துழாவித் தின்பதால், கூரிய உடைகல்லைப் போட்டால் மீசை தேய்ந்து புண்ணாகிவிடும். மணலோ உருண்டைக் கூழாங்கல்லோ போடுங்கள். நோய் வந்தால் தொட்டியில் உப்புப் போடும் வழக்கம் நம்மிடையே உண்டு. கோரிடோராஸ் இருக்கும் தொட்டியில் அதைச் செய்யக் கூடாது.

ஆர்ஓ தண்ணீரை ஊற்றினால் எந்த மீனையும் வளர்க்கலாம் அல்லவா?

தனி ஆர்ஓ நீரில் தாதுக்கள் ஏறக்குறைய இல்லை. அதில் பிஎச் நிலைத்து நிற்காது, மீனும் தளர்ந்துபோகும். ஆழ்குழாய் நீரோடு கலந்து பயன்படுத்தலாம் என்றாலும், ஒவ்வொரு வாரமும் அதே விகிதத்தில் கலக்கும் பொறுமை வேண்டும். இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரை வீணாகிறதே என்று தொட்டியில் ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். உங்கள் தண்ணீரின் உப்பெல்லாம் திரண்டு நிற்பது அதில்தான். கிடைக்கும் தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவதே செலவும் கவலையும் இல்லாத வழி.

தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? எத்தனை மீன் விடலாம்?

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்பது தொடக்கத்துக்குச் சரியான அளவு. கணக்குப்படி அது 57 லிட்டர். கல்லும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். மேசையில் வைக்கும் சிறு உருண்டைக் கிண்ணத்தைக் காட்டிலும் இதை வளர்ப்பது எளிது என்றால் பலர் நம்புவதில்லை. தண்ணீர் அதிகமாக இருந்தால் அதில் கழிவு மெல்லத்தான் ஏறும்; அந்த மெதுவில்தான் உங்கள் பிழையைத் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. இந்தத் தொட்டியில் முழுவளர்ச்சியில் இரண்டு அங்குலத்துக்கு மேற்படாத மீன்கள் பத்துப் பன்னிரண்டோடு புதியவர் நிறுத்திக்கொள்வது நல்லது. மேலே மென்தண்ணீருக்குச் சொன்ன பதினாறு, இரண்டரை அடித் தொட்டிக்கு உரியது. இரண்டடியில் என்றால் ரஸ்போராவை ஆறாக்கி, கௌராமி ஜோடியை அப்படியே விட்டு, கோரிடோராஸைத் தவிர்த்துவிடுங்கள்.

கப்பியோடு ஃபைட்டர் மீனை விடலாமா?

வேண்டாம். ஆண் ஃபைட்டருக்கு நீண்ட வண்ண வால் தெரிந்தாலே எதிரி நிற்கிறது என்ற எண்ணம் வரும். ஆண் கப்பியின் அழகே அந்த வால்தான். சில வீடுகளில் மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காமல் இருப்பதும், திடீரென ஒரு காலையில் வால் கிழிந்த கப்பிகள் மிதப்பதும் உண்டு. ஃபைட்டரை ஒரு தொட்டிக்கு ஒன்றாக வளர்ப்பதே முறை. இனப்பெருக்க வேளை தவிரப் பெண் ஃபைட்டரையும் அதனுடன் விடக் கூடாது.

தங்க மீனை மற்ற மீன்களோடு சேர்க்கலாமா?

பிள்ளைகள் முதலில் கைநீட்டுவது தங்க மீனைத்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தங்க மீன் கெண்டை இனத்தைச் சேர்ந்தது, குளிர்ந்த நீரில் வாழப் பிறந்தது. 18 முதல் 24 டிகிரி வரை அதற்கு இதம். கப்பியும் கௌராமியும் வெப்ப நாட்டு மீன்கள். கடையில் ஒன்றரை அங்குலமாக இருக்கும் தங்க மீன் நன்றாக வளர்த்தால் அரையடியைத் தாண்டும், ஓயாமல் தின்னும், ஓயாமல் கழிக்கும். வாய்க்குள் அடங்குகிற சிறு மீன்களை விழுங்கவும் தயங்காது. மற்ற மீன்கள் இல்லாத, மூன்றடிக்குக் குறையாத தொட்டியில் இரண்டு தங்க மீன்களை வைத்து, வாரந்தோறும் தண்ணீர் மாற்றத் தயாராக இருந்தால் வாங்குங்கள். எங்கள் ஊர்க் கோடையில் அதைக் காப்பாற்றுவது தொடக்கநிலையாளர் வேலை இல்லை என்பது என் கருத்து.

டைகர் பார்ப், ஏஞ்சல் இரண்டும் பார்க்க அழகாக இருக்கின்றனவே?

அழகுதான், ஒரே தொட்டியில் இருக்கக் கூடாதவை. டைகர் பார்ப் தொங்கும் துடுப்பைக் கண்டால் கடித்துப் பார்க்கும். ஏஞ்சலின் வயிற்றடியிலிருந்து நூல்போல் இறங்கும் இரண்டு துடுப்புகளை அவை ஒவ்வொன்றாகக் கொறிப்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்: ஒன்று பின்னாலிருந்து வந்து வெடுக்கென்று கிள்ளிவிட்டு ஓடும், ஏஞ்சல் திரும்புவதற்குள் மறுபக்கத்திலிருந்து இன்னொன்று வரும், மாலைக்குள் நூல் இருந்த இடத்தில் குச்சிதான் இருந்தது. எட்டு, பத்து என்று கூட்டமாக வளர்த்தால் தங்களுக்குள்ளேயே விளையாடிக்கொண்டு மற்றவற்றை ஓரளவு விட்டுவைக்கும். இரண்டு மூன்றாக வாங்கினால்தான் தொல்லை மிகுதி. ஏஞ்சலும் சாதுவன்று. பொத்தான் அளவில் வாங்கி வந்தது உள்ளங்கை அளவு வளர்ந்தபின், அதுவரை கூட நீந்திய நியான் டெட்ராக்கள் இரவோடு இரவாகக் குறையத் தொடங்கும். அதற்கு ஒன்றரை அடி உயரமாவது தொட்டி வேண்டும்.

ஒவ்வொரு வகையிலும் இரண்டிரண்டாக வாங்கினால் தொட்டி வண்ணமயமாக இருக்காதா?

கடையில் நிற்கும்போது எல்லோருக்கும் தோன்றுவதுதான். டெட்ரா, ரஸ்போரா, டேனியோ, பார்ப், கோரிடோராஸ் எல்லாம் கூட்டத்தில்தான் அச்சமின்றி இருக்கும். ஆறுக்குக் குறைந்தால் செடிக்குப் பின்னால் ஒளியும், அல்லது மற்ற மீன்களைக் கடித்துத் தீர்க்கும். ஆறு வகையில் இரண்டிரண்டாக வாங்கும் பணத்தில் இரண்டு வகையில் ஆறாறாக வாங்குங்கள்.

தொட்டியைச் சுத்தம் செய்ய ஒரு சக்கர் மீன் போடச் சொல்கிறார்களே?

சக்கர் பாசியைக் கொஞ்சம் சுரண்டும். அதைவிட அதிகமாகக் கழிக்கும். கடையில் விரல் நீளம் இருப்பது ஓரடிக்கு மேல் வளரும் மீன். அதுபோலவே, சார்க் என்ற பெயரில் பளபளப்பான சிறு கெளுத்தி ஒன்றை விற்கிறார்கள். மேகாங் ஆற்று மீனான அது ஒரு மீட்டரையும் தாண்டி வளரக்கூடியது. உணவகத்தில் பாசா என்று தட்டில் வருவதும் பெரும்பாலும் அதே மீன்தான். ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் ஆகியவற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இவை எதையும் பல வகை மீன்கள் சேர்ந்து வாழும் சமூகத் தொட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "முழுசா வளர்ந்தா எவ்வளவு நீளம் வரும்?" பதில் மழுப்பலாக இருந்தால் வாங்காதீர்கள்.

தண்ணீர் ஊற்றிய அன்றே மீன் விடலாமா?

கூடாது. ஒத்துப்போகும் மீன்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்தவர்களும் தோற்பது இங்கேதான். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீனின்றி, நாள்தோறும் ஒரு சிட்டிகை தீனியை மட்டும் போட்டு பில்டரை ஓடவிடுங்கள். ஏற்கெனவே நன்றாக ஓடும் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்றை வாங்கி உங்கள் பில்டருக்குப் பக்கத்தில் வைத்தால் காத்திருப்பு பாதியாகக் குறையலாம். நம் பகுதிக்கென்று இதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. பிஎச்சும் வெப்பமும் ஏற ஏற அமோனியாவின் நச்சுத்தன்மை கூடுவதால், காரத் தண்ணீர் உள்ள வீட்டில் சித்திரை மாதத்தில் புதுத் தொட்டி தொடங்குவது மீனுக்கு இரட்டைத் தண்டனை. மேற்குப் பக்கத்து அமிலக் கிணற்று நீரிலோ அமோனியா அவ்வளவு கொடுமை செய்யாது என்றாலும், பிஎச் 6-க்குக் கீழே போனால் அந்த நுண்ணுயிர்களே வேலையை நிறுத்திவிடும்; அங்கே ஒரு கைப்பிடிக் கிளிஞ்சலைத் துணியில் முடிந்து பில்டரில் போட்டுவைத்தால் பிஎச் கொஞ்சம் தூக்கி நிற்கும். தொட்டி தயாரானதும் பாதி மீன்களை விட்டு, இரண்டு வாரம் கழித்து மீதியை விடுங்கள். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். குடிநீர் வாரியத் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தைச் சேர்க்க வேண்டும். ஆழ்குழாய் நீரை ஒரு நாள் வாளியில் காற்றுக்குழாய் ஓடவிட்டு வையுங்கள். நிலத்தடியிலிருந்து வரும்போது அதில் உயிர்வளி குறைவாக இருக்கும்.

பாலக்காட்டு வெயிலில் மீன்கள் தாங்குமா?

பங்குனி, சித்திரையில் வெளியே 40 டிகிரியைத் தொடும்போது தொட்டி நீர் 32-க்குப் போய்விடுகிறது. 25 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் உயிர்வளி கரையும், 32-இல் 7.3 தான். மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடினால் அதுதான் காரணம். மூடியைத் திறந்து வலை போட்டு, நீர்ப்பரப்பின்மேல் ஒரு சிறு மின்விசிறியைத் திருப்பிவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மின்வெட்டுக்கு, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். நியான் டெட்ரா இந்த வெப்பத்துக்கு ஆகாது. கௌராமி காற்றையும் நேரடியாகச் சுவாசிப்பதால் தாக்குப்பிடிக்கும். மார்கழியில் கணவாய்க் காற்று வீசும் இரவுகளில் தொட்டியைச் சன்னலோரத்திலிருந்து நகர்த்தி வைத்தாலே போதும், பெரும்பாலான வீடுகளில் ஹீட்டர் தேவைப்படாது.

நம் ஆற்று மீனான மிஸ் கேரளாவை வளர்க்கலாமா?

மலையாளத்தில் செங்கணியான் என்று சொல்லும் அந்த மீன், கண்ணிலிருந்து உடல் நடுவரை ஓடும் சிவப்புக் கோட்டோடு பார்க்கப் பரவசமாகத்தான் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் வேகமாக ஓடும் குளிர்ந்த ஆறுகளில் கூட்டமாக வாழ்வது. அரையடி நீளம் வளர்வது. நான்கடித் தொட்டியும் வலுவான நீரோட்டமும் கேட்பது. மேலும் அது அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. மூன்றாவது தொட்டியாகப் பெரிதாக வைக்கும் நாளில், பண்ணையில் பொரித்த குஞ்சுகள் கிடைத்தால் யோசிக்கலாம்.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

வாங்கப்போகும் மீன் மட்டுமல்லாமல் அது இருக்கும் தொட்டி முழுவதையும் இரண்டு நிமிடம் பாருங்கள். அதில் ஒரு மீன் செத்துக் கிடந்தாலும், துடுப்பை உடலோடு ஒட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாலும், உடலில் ரவை தூவியதுபோல் வெள்ளைப்புள்ளி இருந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். உங்கள் கண்முன் தீனி போடச் சொல்லுங்கள். ஓடி வந்து உண்ணும் மீனே நல்ல மீன். கடையின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரிக்காமல் இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு உங்கள் தண்ணீரைச் சிறுகச் சிறுகப் பைக்குள் சேர்த்து ஒரு மணி நேரம் கழித்து வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம்.

கப்பி குட்டிகள் பெருகிவிட்டன. மிஞ்சியவற்றை ஆற்றில் விட்டுவிடலாமா?

பெண் கப்பி ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒரு முறை குட்டி போடும். ஒரு முறை சேர்ந்த ஆணின் விந்தை உடலில் சேமித்துவைத்து, ஆணே இல்லாமல் மாதக்கணக்கில் ஈனவும் செய்யும். பெருக்கம் வேண்டாமென்றால் ஆண் கப்பிகளை மட்டும் வளர்க்கலாம், வண்ணமும் அவற்றுக்குத்தான். ஆனால் எந்த வளர்ப்பு மீனையும் வாளையாற்றிலோ கோரையாற்றிலோ ஊர்க் குளத்திலோ விடக் கூடாது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு சாலக்குடி ஆற்றில் வலை போட்டவர்களுக்கு அமேசானின் ராட்சத மீனான அரபைமா கிடைத்தது. அது யாரோ வளர்த்த இடத்திலிருந்து தப்பியதுதான். சக்கர் மீன் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நீர்நிலைகளில் பெருகி மீனவர் வலைகளைக் கிழிக்கிறது. மிஞ்சிய குட்டிகளைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். எங்கள் ஊர்க் கடைக்காரர் இருபது கப்பிக்கு ஒரு பொட்டலம் தீனி தருகிறார்.